மலையில் ஒரு சொட்டு ரத்தம் கேட்டு அலைந்தவள்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள் வாயைத் திறந்த மறுநிமிடம், எதிரில் நிற்பவருக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகத்துக்கு வந்துவிடும். அந்தப் பால் பொங்கி முடிகிற வரை வாசலில் நிற்பதுதான் எங்கள் தொழில். இன்சூரன்ஸ் பிடிக்க அலைகிறவர்களுக்கும், கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கும் டீச்சர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உங்களையாவது ‘அப்புறம் வாங்க’ என்று அனுப்புவார்கள். எங்களை ‘அப்புறமும் வராதீங்க’ என்று அனுப்புவார்கள்.

என் பெயர் ஜெனிபர். ஏற்காட்டுக்காரி. அப்பா ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டினார். சேலத்தில் படிப்பை முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். என்னோடு வேலை பார்க்கும் கோகுல், மஞ்சக்குட்டையில் மிளகும் காப்பியும் போடுகிற குடும்பத்துப் பையன். எங்கள் வயதுப் பிள்ளைகளிடம் பேசி, பரிசோதனை வண்டி வரும் நாளில் அவர்களை அதில் ஏற்றிவிடுவது எங்கள் பொறுப்பு. ஊசி குத்துவதும் முடிவைச் சொல்வதும் வண்டியோடு வரும் ஆலோசகர் அக்காவின் வேலை. முடிவு அவருக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர்களாக வந்து சொன்னால்தான் எங்களுக்கு. இந்தக் கதையில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சதீஷ் என்ற மாற்றுப்பெயரை மட்டும் அந்தப் பையனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ரைட்டர் சொன்ன யோசனை

கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் சமயம். ஆள் கணக்கும் வேலையும் பார்க்கிற ரைட்டரிடம் அனுமதி கேட்டோம். தங்கமான மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் எடை போட்டு முடித்ததும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் பேசிக்கொள்ளச் சொன்னார். என்ன பேசப்போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, முதல் கூட்டம் என்கிற பதற்றத்தில் நாங்களும் சொல்லவில்லை.

நோயின் பெயரைச் சொன்னேன். அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பெண் தங்கச்சியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பையன்கள் ஒரே நேரத்தில் போனைப் பார்க்கக் குனிந்தார்கள். கூட்டத்தில் பாதி கரைந்ததும் ரைட்டர் ஓடிவந்து, காப்பி காயவைக்கும் களத்துக்குப் பின்னால் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். கோபமாகக்கூடப் பேசவில்லை, கெஞ்சினார். “ஏனுங்க, வயசுப் புள்ளைங்க இருக்கற எடத்துல இதயெல்லாம் பேசலாமுங்களா? டெங்குவப் பத்திப் பேசிட்டுப் போங்க கண்ணு. அதுலயுந்தான் சாவறாங்க.”

போர் வண்டி

எங்கள் மலைக்கிராமங்களில் படிப்பை நிறுத்திய பையன்களை வந்து அள்ளிக்கொண்டு போவது போர் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. அதில் ஏறினால் வடக்கே எங்கெங்கோ, பொங்கல் முடிந்து போனால் மழைக்குத்தான் திரும்புவார்கள். பகலெல்லாம் பாறைத்தூசி, இரவில் லாரிக்கு அடியில் தூக்கம், பேச்சுத் துணைக்குத் தங்களைப் போலவே இன்னும் சில பையன்கள். குடியும் மற்றதும் எந்த ஊர் நெடுஞ்சாலையிலும் கிடைக்கிறது.

மாரமங்கலத்தில் பொங்கலுக்கு ஊர் திரும்பியிருந்த இப்படி ஒரு கும்பலைக் கிரிக்கெட் மைதானத்தில் பிடித்தோம். கோகுலுக்கு அவர்களில் சிலரைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஆணுறை பற்றிப் பேசியபோது ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்சம் மூத்தவனாக ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ரமேஷ். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறவன், வண்டியில் மற்றவர்களுக்கு வேலை பழக்குகிறவன். மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டான். “வண்டி ஒரு பக்கமா சாஞ்சா நாங்க அத்தன பேரும் காலி. குழிக்குள்ள எறக்கற கேசிங் பைப்பு கழண்டு உழுந்தா ஒருத்தன் காலி. இதுல நீங்க பத்து வருசம் கழிச்சு வர்ற நோவச் சொல்லிப் பயமுறுத்தறீங்களா?”

சதீஷ்

அந்த மைதானத்துக்கே மறுநாள் பரிசோதனை வண்டியை வரவைத்தோம். போட்டிக்கு நடுவில் வந்து போகட்டும் என்று கோகுல் போட்ட திட்டம். வந்தவர்கள் எங்களுக்காக வரவில்லை. நண்பன் ஏறினான் என்று இவன் ஏறினான், இவனைக் கேலி செய்ய வந்தவனும் ஏறினான். அப்படித்தான் சதீஷும் ஏறினான். அவர்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளன். மீசை சரியாக வராத முகம். ஊசி குத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான் என்று வெளியே நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

முடிவு கேட்கப் போனவன் நேரமாகியும் இறங்கவில்லை. இறங்கியதும் நேராக என்னிடம் வந்தான். இது முதல் டெஸ்ட்தான், சேலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கும் நம்பிக்கை மையத்தில் இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும், உறுதியானாலும் மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லோரையும்போல வாழலாம் என்று ஆலோசகர் அக்கா சொன்னதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தான். ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. ஒப்பித்து முடித்துவிட்டு, கையிலிருந்த பந்தைத் தொடையில் தேய்த்தபடி கேட்டான். “நாளைக்கு செமி பைனலுங்க அக்கா. நான் ஆடலாங்களா?”

ஷேர் ஜீப்

ஆடினான், ஜெயித்தார்கள். திங்கட்கிழமை கோகுலோடு சேலத்துக்குப் போக ஒத்துக்கொண்டிருந்தான். அந்த இடைப்பட்ட நாளில் நான் மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் ஏறினேன். நிறுவனம் கொடுத்த சட்டையில் நெஞ்சுக்கு நேரே எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான பெரிய சிவப்பு ரிப்பன் இருக்கும். விளம்பரத்துக்காகக் கொடுத்தது. அது செய்த விளம்பரம் வேறு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் எந்த ஊர் என்று கேட்டேன், அவ்வளவுதான். ஆரஞ்சுக் கூடையை மடியில் வைத்திருந்தவர் அதையும் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்துக்கு நகர்ந்து, ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஏறிக்கொண்டார். ஜீப்பு நிறைந்து வழிந்தும் என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாகவே வந்தது. இறங்கும்போது அந்த அக்காவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. யாரும் பார்க்காதபோது என் தோளைத் தொட்டுச் சொன்னார். “உன்மேல ஒண்ணுமில்ல கண்ணு. உன்கூடப் பேசுனாலே அந்த நோவுக்காரின்னு சொல்லிப்போடுவாங்க. நாளைக்கு இந்தத் துணியக் கழட்டிப்போட்டு வா, நாம பேசிக்கிட்டே போலாம்.”

இந்தியில் என்ன சொல்வது

திங்கட்கிழமை சதீஷ் வரவில்லை. வீட்டில் அவன் அம்மா வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். போர் வண்டி முன்கூட்டியே கிளம்பிவிட்டது, விடிவதற்குள் ரமேஷ் வந்து கூட்டிப்போய்விட்டான் என்றார். எதற்காகத் தேடுகிறோம் என்று கேட்டார். கிரிக்கெட் விஷயம் என்று கோகுல் சொன்னான். சதீஷின் போன் அணைந்திருந்தது. பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. நானும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன், ‘உடம்பு எப்படி இருக்கு’ என்பதைத் தவிர எதையும் மெசேஜில் எழுதவில்லை. அந்தப் போனை வேறு யார் பார்ப்பார்கள் என்று தெரியாதே.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அவனே கூப்பிட்டான். வடக்கே எங்கோ ஒரு சின்ன ஊர். மழையால் வேலை நின்றிருக்கிறது. தனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், ரமேஷ் அண்ணனுக்கு நிற்காத இருமல் என்றான். அந்த ஊரிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கும், அங்கேயும் இலவசமாக டெஸ்ட்டும் மருந்தும் உண்டு, போய்ச் சொன்னால் போதும் என்றேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் வந்தது. “சொல்லோணுமில்லீங்க அக்கா. இந்தியில இதுக்கு என்னன்னு சொல்றது? எனக்குத் தமிழ்லயே சொல்ல வரமாட்டேங்குது.”

மாப்பிள்ளை வீடு

சதீஷ் ஊர் திரும்பினான். கோகுல் கூடவே போய் நின்றதில் டெஸ்ட் உறுதியாகி, மாத்திரையும் தொடங்கியது. முதல் சில வாரம் தலைசுற்றலும் கெட்ட கனவுமாக இருந்து, பிறகு பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் இருந்தபோதுதான் எனக்கு ஒரு வரன் வந்தது. நடுவில் கொஞ்சம் என் கஷ்டத்தையும் கேளுங்கள்.

சேலத்துக் குடும்பம், எங்கள் சபை வழியாகத் தெரிந்தவர்கள். பையன் பெங்களூரில் வேலை. கேக், காப்பி, ஜெபம் எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் பெரியம்மா என்னைத் தனியாக அறைக்குள் அழைத்துப்போனார். நான் பார்க்கிற வேலை அப்படிப்பட்டதாம். அந்த மாதிரி ஆட்களோடு பழகுகிறேனாம். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதியாம். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இத்தனை நாள் மலையெல்லாம் சொல்லித் திரிந்ததை ஒருவர் தானாகக் கேட்கிறாரே! தாராளமாக எடுக்கலாம் ஆன்ட்டி, கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு பேரும் எடுப்பதுதான் நல்லது, அவரையும் கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வரனும் அத்தோடு போனது. போகும்போது என் அம்மாவிடம் வாசலில் நின்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “எங்க பையன் நல்ல குடும்பத்துப் பையங்க. அவனுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?”

பந்து

மாரமங்கலத்துக்குள் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. ‘எப்படியோ’ என்ன, தெரிந்தே இருந்தது. அதே ஊர்க்காரர் ஒருவர் சேலத்தில் மாத்திரை வாங்கும் இடத்தில் சதீஷைப் பார்த்துவிட்டு வந்து ஒருவர் காதில் போட்டிருக்கிறார். கோகுல் அவரை டீக்கடையில் ஓரங்கட்டி, ‘அந்த வாசல்ல உங்களுக்கு என்னங்க வேலை?’ என்று மட்டும் கேட்டான். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருவதில்லை. அடுத்தவனைக் காட்டிக்கொடுத்தால் தன் பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

சதீஷின் அணித்தலைவன் வடிவேல் ஒருநாள் என்னைத் தேடி ஏற்காட்டுக்கே பஸ் ஏறி வந்தான். நல்ல பையன். சதீஷை நீக்கச் சொல்லி மற்றவர்கள் கேட்டும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். தொட்டால் வராது, வேர்வையில் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவின் மூலமாகக்கூடப் பரவாது என்று பொறுமையாக விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். எல்லாம் புரிந்தது, நொம்ப நன்றிங்க என்று கும்பிட்டு எழுந்து படியிறங்கியவன், பாதியில் திரும்பி வந்தான். “கிளவுஸ், பேடு எல்லாம் அவனுக்குத் தனியா வாங்கிக் குடுத்தர்றமுங்க. பந்து? அது ஒண்ணுதானுங்களே இருக்குது?”

ரமேஷ்

சதீஷை அம்பயர் ஆக்கினார்கள். அவன் கொஞ்சநாள் நின்றுவிட்டு, மைதானத்துக்குப் போவதையே விட்டுவிட்டான். அந்த நேரத்தையெல்லாம் ரமேஷுக்காகச் செலவழித்தான். ரமேஷின் குடும்பம் கொட்டச்சேட்டில், எங்களை டெங்குவைப் பற்றிப் பேசச் சொன்ன ரைட்டரின் எஸ்டேட் லைனில் இருந்தது. போர் வண்டியில் தனக்கு வேலை பழக்கியவன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன் என்று சதீஷுக்கு அவன்மேல் உயிர். டெஸ்ட் எடுக்கச் சொல்லிப் பலமுறை போய்க் கேட்டான். கடைசியில் எங்களையும் கூட்டிக்கொண்டு போனான்.

வெயிலுக்கு முதுகைக் காட்டி, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான் ரமேஷ். மட்டையை ஊன்றி நின்ற ஆளா இது என்றிருந்தது. பாறைத்தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டிருக்கிறது, ஒருவர் லேகியம் கொடுக்கிறார், கேட்கிறது என்றான். சதீஷ் தன் மாத்திரை டப்பாவைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவன் கையில் வைத்தான். யாரிடமும் காட்டாத டப்பா. ‘பாருண்ணா, நான் எடை கூடிட்டேன். நீயும் வா, நான் கூட வர்றேன்’ என்றான். ரமேஷின் மனைவி பூங்கொடி வாசலில் நின்றபடி எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ரமேஷ் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான். “உனக்கு வந்திருச்சுன்னா நீ தின்னு சாமி. என்னய எதுக்குடா கூட்டுச் சேர்க்கற?”

அடக்கம்

மார்கழிப் பனியில் மூச்சுத் திணறலாகித்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே போனதும் டெஸ்ட் எடுத்தார்கள், இருந்தது. மருந்து தொடங்குவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. காசநோய் நுரையீரலைத் தின்றிருந்தது, அங்கேயே இறந்துபோனான். கூடப் போன உறவுக்காரர் வழியாக, உடம்பு ஊருக்கு வருவதற்குள் எச்.ஐ.வி. என்ற செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

ஆட்கள் வரத்தான் வந்தார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே தள்ளித் தள்ளி நின்றார்கள். குளிப்பாட்ட யாரும் முன்வரவில்லை. பூங்கொடி தானே தண்ணீர் ஊற்றினாள். தூக்கும் நேரம் வந்தபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சதீஷ் முன்னால் போய்த் தோள் கொடுத்தான். அடுத்து கோகுல், அப்புறம் ரமேஷின் தம்பி. நாலாவது ஆளாக வந்து நின்றவர் நான் எதிர்பார்க்காதவர், ரைட்டர். சதீஷ் சத்தமில்லாமல் அழுதுகொண்டே நடந்தான். வழிவிட்டு ஒதுங்கியவர்களில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், துக்கம் விசாரிக்கிற அதே குரலில். “அவந்தான் தூக்கோணும். அவனுக்குத்தான் இனிமே வர்றதுக்கு ஒண்ணுமில்லியே.”

பூங்கொடி

அவளிடம் டெஸ்ட் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளே கேட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு சேலத்துக்கு பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் பையன் வாந்தி எடுத்தான். தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து, அவனை என்மேல் படாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். முடிவு தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. நான் பையனை வாங்கி என் மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

பையனுக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. ஆலோசனை அறையிலிருந்து வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையனுக்கு இல்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். தன்னைப் பற்றிச் சொன்னபோது குரல் அப்படியே தட்டையாகிவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. “ஏனுங்க, நான் வெள்ளனே பழம் பறிக்கப் போயிருவன். இந்த மாத்திரைய அதுக்கு முன்னால திங்கோணுமா, வந்து திங்கோணுமா? எத்தன வருசம் தின்னா இவன் பெரியவனாவான்?”

சதீஷ் பேசியது

மறுபடியும் பொங்கல் முடிந்து போர் வண்டிகள் கிளம்பும் நேரம். மாரமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில், புதிதாக ஏறப்போகும் பையன்களைச் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். பரிசோதனை வண்டி பக்கத்தில் நின்றது. வழக்கம்போலச் சிரிப்பு, வழக்கம்போலப் போன். சதீஷ் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். அவனைப் பேசச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். அவனாகவே முன்னால் வந்தான். ‘எனக்கு எச்.ஐ.வி. இருக்குது’ என்றான். ரமேஷ் அண்ணனைப் பற்றிச் சொன்னான். தமிழ் வராமல் திணறவில்லை. குனிந்திருந்தவர்கள் போனை விட்டு நிமிர்ந்தார்கள்.

எல்லோரிலும் சின்னவனாக ஒருத்தன், அநேகமாக அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போர் வண்டி ஏறப்போகிறவன், தயங்கித் தயங்கிக் கேட்டான். ‘அண்ணா, பாத்தா நல்லாத்தான் இருக்கீங்க. அந்த டெஸ்ட்ட எடுக்காமயே உட்டிருந்தா, இந்தப் பேச்சு ஏச்செல்லாம் இல்லாம நிம்மதியா இருந்திருப்பீங்கல்ல?’ சதீஷ் அந்தப் பையனின் தோளில் கை வைத்தான். “இருந்திருக்கவே மாட்டன்டா.”

அன்றைக்குப் பாதிப் பேர் பரிசோதனை வண்டியில் ஏறினார்கள், மீதிப் பேர் டீக்கடைக்குப் போனார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் மகத்தான வெற்றி.